மேஸ்திரியின் நோட்டும் வங்கியின் ஏடும்: ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு கணக்கு வரலாறு

2025 ஜூலையில் பெங்களூரின் தேநீர்க் கடைகள், பேக்கரிகள், காய்கறிக் கடைகள் பலவற்றில் க்யூஆர் அட்டைகள் கழற்றப்பட்டன. அவை இருந்த இடத்தில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற தாள்கள் ஒட்டப்பட்டன. பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமிருந்து பெற்ற தரவுகளைக் கொண்டு, 2021-22 முதல் 2024-25 வரையான ஆண்டுகளுக்கு, ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு வணிகர்களுக்குக் கர்நாடக வணிக வரித் துறை அறிவிப்பு அனுப்பியதே காரணம். மின்னணுப் பணத்தின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் சில நாள்களுக்கு ரொக்கத்தை நோக்கித் திரும்பியது. அதை வரி ஏய்ப்பு என்று ஒரு சாராரும் வரிக்கொடுமை என்று மறுசாராரும் சொன்னார்கள். இரண்டுக்கும் அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: உழைத்துப் பெற்ற பணத்தின் கணக்கு யார் கையில் இருக்கிறது?

இக்கேள்வி கடைக்காரரைவிடக் கூர்மையாகத் தைப்பது சிறு ஒப்பந்தக்காரரைத்தான். வெள்ளையடிப்பவர், கூரை ஒழுக்கை அடைப்பவர், குழாய் மாற்றுபவர், தளம் போடுபவர், அலமாரி செய்பவர் ஆகியோருக்குக் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை. கடைக்காரர் பொருளைக் கொடுத்த கணமே பணம் பெறுகிறார். ஒப்பந்தக்காரரோ வேலைக்கும் பணத்துக்கும் இடையே வாரக்கணக்கில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் செலவை யார் சுமந்தார்கள் என்பதே அவர்களுடைய தொழிலின் வரலாறு. கடன் அட்டையை ஏற்பது, மறுப்பது என்ற இன்றைய தயக்கத்தையும் அந்த வரலாற்றுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ரிச்சர்ட்ஸ் டவுன் நல்ல களம்.

1. தண்டும் ஒப்பந்தமும்

1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. அப்படி உருவான படைக் குடியிருப்பைப் பெங்களூர்த் தமிழர் இன்றும் ‘தண்டு’ என்றே அழைக்கிறார்கள். படைக்கு உணவு, தீவனம், துணி, கட்டடம் எல்லாம் வேண்டியிருந்தன. அவற்றை வழங்க மதராஸ் மாகாணத்திலிருந்து வணிகர்களும் தொழிலாளர்களும் வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் வட ஆற்காட்டு, சேலத்துக் கைகளுக்குப் பெங்களூர் மேலும் நெருங்கியது.

அக்காலத்தின் பெரிய ஒப்பந்தக்காரர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1868இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று கர்நாடக உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரியின் கட்டுமானத்தோடு இணைத்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. 1873இல் அவர் தொடங்கிய பள்ளியே ஆர்பிஏஎன்எம் கல்வி நிறுவனங்களாக வளர்ந்தது. ஒப்பந்தத் தொழிலில் ஈட்டிய செல்வம் கல்வியறமாக மாறியதற்கு அது சான்று. ஆனால் கட்டடத்தில் பெயர் நிற்பது மேல் அடுக்குக்கு மட்டுந்தான். அரசாங்கத்தின் ‘பில்’ தேறும்வரை காத்திருக்கும் முதல் அவருக்கு இருந்தது. அவருக்குக் கீழே ஆள்களைத் திரட்டி வேலை நடத்திய மேஸ்திரிக்கு அந்த முதல் இல்லை. அவருடைய கடிகாரம் சனிக்கிழமைக் கூலி பட்டுவாடாவை ஒட்டியே ஓடியது.

1881இல் மைசூர் அரசு உடையார் வசம் திரும்பியபோதும் தண்டு திரும்பவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் அது பிரிட்டிஷ் ரெசிடென்டின் கீழ் இருந்து, 1947 ஜூலை 26இல்தான் மைசூருடன் மீண்டும் இணைந்தது. 1898இல் தாக்கிய பிளேக் நெரிசலான தெருக்களின் ஆபத்தை நிர்வாகத்துக்கு உணர்த்தியது. 1910இல் ஃபிரேசர் டவுன் தோன்றியது. அதை அடுத்த பகுதிகளும் அகன்ற தெரு, சுற்றுத் தோட்டம், ஓட்டுக் கூரை, சிவப்பு ஆக்சைடு தரை என்ற அமைப்பில் வளர்ந்தன. பூங்காவை நடுவில் கொண்ட ரிச்சர்ட்ஸ் டவுன் அவற்றுள் ஒன்று. 1914இல் நிறுவப்பட்ட கிளாரன்ஸ் பள்ளியும், டேவிஸ் சாலையின் பரிசுத்த ஆவி தேவாலயமும் அதன் அடையாளங்கள்.

இத்தகைய பகுதி ஒப்பந்தத் தொழிலின் இயல்பையே மாற்றியது. படையின் வேலை பெரியது, எப்போதாவது வருவது, எழுத்தில் அமைவது. பங்களாவின் வேலை சிறியது, ஆண்டுதோறும் வருவது, வாய்மொழியில் முடிவது. மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் விரிசல் கண்டால் சுண்ணாம்பு பூச வேண்டும். அரசு அலுவலகத்தின் இடத்துக்கு வீட்டுக்காரர் வந்தார். டெண்டரின் இடத்துக்குப் பழக்கம் வந்தது.

2. சொற்களில் தங்கிய கணக்கு

இத்தொழிலின் சொற்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். ‘மேஸ்திரி’ போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது. அவர் பொருத்தும் ஜன்னலும், செய்விக்கும் அலமாரியும், கடைசியில் ஒப்படைக்கும் சாவியும் அதே மொழியின் கொடை. ஒப்பந்தத்தைக் குறிக்க இலங்கைத் தமிழில் ‘கொந்தராத்து’ என்ற ஐரோப்பிய வரவு நிலைத்தது. கன்னடம் ‘குத்திகெ’ என்றும், ஒப்பந்தக்காரரைக் ‘குத்திகெதார’ என்றும் இன்றளவும் சொல்கிறது. தமிழில் அதன் உறவான ‘குத்தகை’ பெரும்பாலும் நிலத்தோடும் ஏலத்தோடும் ஒடுங்கிவிட்டது. ஆகவே ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரே ஆள் தமிழில் மேஸ்திரியாகவும், கன்னடத்தில் குத்திகெதாரராகவும், ஆங்கிலம் பேசும் வீட்டில் காண்ட்ராக்டராகவும் இருக்கிறார். மூன்றும் ஒரே பொருள் தருவன அல்ல. முதற்சொல் திறமையைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் உடன்படிக்கையைக் காட்டுகின்றன.

பணத்தைச் சுற்றிய சொற்கள் இன்னும் நுணுக்கமானவை. வேலை உறுதியானதைக் காட்டும் சிறுதொகை ‘அச்சாரம்’. பொருள் வாங்கக் கொடுப்பது ‘முன்பணம்’. வேலை நடக்க நடக்கக் கொடுப்பது ‘செலவுக்கு’. முடிந்தபின் நிற்பது ‘பாக்கி’. நான்கும் பணந்தான், நான்கின் பொருளும் வேறு. அச்சாரம் வீட்டுக்காரரின் வாக்கு. முன்பணம் மேஸ்திரியின் வருமானமே அன்று. அது பெயின்ட் கடைக்கும் சிமென்ட் கடைக்கும் போய்ச் சேர வேண்டியது. ‘செலவுக்கு’ வாங்கியது ஆள்களின் கூலி. பாக்கியில்தான் அவருடைய சொந்த ஊதியம் இருந்தது, அதுவே கடைசியில் வந்தது, பலமுறை வராமலும் போனது. வேலை முடிந்த வீட்டில், பூச்சு சரியில்லை என்ற ஒரு சொல் பாக்கியை மாதக்கணக்கில் தள்ளிவைக்கப் போதுமானதாக இருந்தது.

இந்த வேறுபாடுகளைக் காத்தது சட்டைப்பையில் மடித்து வைத்த நோட்டு. யாரிடம், என்றைக்கு, எதற்காக வாங்கியது என்ற மூன்றும் அதில் இருந்தன. பேரேடும் நாள்வழியும் வைத்த வணிகக் குடும்பங்களின் கணக்கு முறைக்கு அது ஏழை உறவு, ஆனாலும் உறவுதான். அதன் வலிமை அதிலேயே முடிந்தும் போனது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்படிக்கையையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. இலவசமாகச் செய்யாத வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று அதன் 70ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக நீதிமன்றப் படி ஏறுவது மேஸ்திரிக்கு இழப்பு. அவர் எழுதிய கணக்கு அவருக்கே சான்று, வேறெவரையும் கட்டுப்படுத்தாது.

ஆக, நூறு ஆண்டுகளாக வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர் மேஸ்திரி. இருவரில் வசதி குறைந்தவரே கடன் கொடுப்பவராக இருந்த இந்த முரணைப் பொருளாதார வரலாறு போதிய அளவு கவனித்ததில்லை.

3. அட்டை வந்தது, மேஸ்திரியிடம் வரவில்லை

இந்தியாவுக்கு டைனர்ஸ் கிளப் அட்டை 1961இல் வந்தது. வங்கி வெளியிட்ட முதல் கடன் அட்டை 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவினுடையது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியும் அந்தப் பத்தாண்டிலேயே கேன்கார்டுடன் களமிறங்கியது. அட்டையை ஒரு சிறு பொறியில் வைத்து, கார்பன் படிகள் கொண்ட சீட்டின்மேல் உருளையை இழுத்து, எண்ணைப் பதிய வைக்க வேண்டும். தொகை பெரிதானால் வங்கிக்குத் தொலைபேசியில் பேசி அனுமதி பெற வேண்டும். நிலையான கடை, தொலைபேசி, நடப்புக் கணக்கு, நிறுவனப் பதிவு ஆகிய நான்கும் இருந்தவரே அட்டையை ஏற்க முடிந்தது. மேஸ்திரிக்கு நான்கும் இல்லை.

எனவே அட்டை ஒப்பந்தத் தொழிலுக்குள் சுற்றுவழியில் நுழைந்தது. வீட்டுக்காரரே கடைக்குப் போய் ஓடு, குழாய், பெயின்ட் ஆகியவற்றைத் தம் அட்டையில் வாங்கினார். கூலியை மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்தார். பொருளுக்கு ரசீது உண்டு, உழைப்புக்கு ரசீது இல்லை என்ற பிளவு இவ்வாறு ஆழப்பட்டது. பொருள் வாங்கித் தருவதில் மேஸ்திரிக்குக் கிடைத்துவந்த சிறு ஆதாயமும் கடைக்குப் போனது. நம்பிக்கை அட்டை வைத்திருந்தவரின்மேலும் கடை வைத்திருந்தவரின்மேலும் ஏறியது. ‘கிரெடிட்’ என்ற சொல் நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழ் அதைக் ‘கடன்’ என்று பெயர்த்தது. தமிழில் கடன் என்றால் கடமையும்கூட. நம்பப்படுபவர் ஒருவர், கடமைப்பட்டவர் மற்றொருவர் என்றே நடைமுறையும் அமைந்தது.

4. இரண்டு சதவீதத்தின் எடை

2016க்குப் பின் நிலைமை வேகமாக மாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் யுபிஐ அறிமுகமாயிற்று. நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. கைப்பேசியோடு இணையும் சிறு அட்டைக் கருவிகளும், குறுஞ்செய்தியில் அனுப்பும் பணச் சுட்டிகளும் வந்தன. கடை வேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வணிகர்மீதான கட்டணம் சுழியானது. 2022 செப்டம்பரில் ரூபே கடன் அட்டையை யுபிஐயுடன் இணைக்கும் வழி திறந்தது. சுவரில் ஒட்டிய க்யூஆர் தாளே கடன் அட்டைக் கருவியாகும் காலம் வந்தது.

ஆனால் கடன் அட்டைக்கான கட்டணத்துக்கு, டெபிட் அட்டைக்கு இருப்பதுபோல ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஒரு லட்ச ரூபாய் வேலைக்குக் கட்டணம் 2,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 360. ஆகப் பிடித்தம் 2,360 ரூபாய். பொருளும் கூலியும் போக ஒப்பந்தக்காரருக்கு மிஞ்சுவது 10,000 என்றால், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. வங்கி பார்ப்பது மொத்தத் தொகையின் 2 சதவீதத்தை. ஒப்பந்தக்காரர் இழப்பது ஊதியத்தின் 23.6 சதவீதத்தை. முன்பணத்துக்கும் கட்டணம் உண்டு என்பதால், தாம் ஒரு காசும் ஈட்டாத பெயின்டுக்கும் அவர் கட்டணம் செலுத்துகிறார். ‘கார்டு என்றால் இரண்டு பர்சென்ட் கூட’ என்று கேட்பது இதிலிருந்து பிறந்த வழக்கம். அட்டை நிறுவனங்களின் விதிகள் பொதுவாக அதை ஏற்பதில்லை. டெபிட் அட்டைக்கு அவ்வாறு வசூலிப்பதை 2013இல் ரிசர்வ் வங்கியும் கண்டித்தது.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மழையில் கூரை ஒழுகும் வீட்டுக்காரரிடம் அன்றைக்கு ஒரு லட்சம் இல்லாமல் இருக்கலாம், அட்டையில் இருக்கும். அவர் தவணையில் கட்டுவார். ஒப்பந்தக்காரருக்குப் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் முழுத் தொகையும் வந்துவிடும். மேஸ்திரி சுமந்த காத்திருப்பை முதன்முறையாக ஒரு வங்கி சுமக்கிறது. அந்த 2,360 ரூபாய் பாக்கி மூழ்காமல் இருப்பதற்கான விலை. மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட பாக்கிகளோடு ஒப்பிட்டால் அது மலிவாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை இழுத்த அட்டையின் பணம் சனிக்கிழமைப் பட்டுவாடாவுக்கு வந்து சேராமல் போகக்கூடும் என்பதே எஞ்சும் இடர்ப்பாடு.

5. பெற்ற பணம் திரும்பிப் போகும்போது

ரொக்கம் கைமாறினால் முடிந்தது. அட்டைப் பணம் அவ்வாறன்று. வேலை சொன்னபடி இல்லை என்று வாடிக்கையாளர் தம் வங்கியிடம் முறையிட்டால் தொகை திரும்பப் பெறப்படலாம். அட்டை வலைப்பின்னல்களின் விதிப்படி இதற்கான காலவரம்பு பெரும்பாலும் 120 நாள். மேசை விளக்கு வாங்கியவர் புகார் செய்தால் விளக்கைத் திருப்பித் தரலாம். சுவரில் பூசிய பூச்சை எப்படித் திருப்பித் தருவது?

இங்கே பழைய பாக்கிச் சண்டை புதிய மன்றத்துக்கு நகர்கிறது. முன்பு பூங்காவுக்கு அருகே வாசற்படியில் நடந்த வாக்குவாதம் இப்போது ஆவணங்களுக்கிடையே நடக்கிறது. எழுதிக் கையொப்பமிட்ட மதிப்பீடு, கட்டம் கட்டமாக எடுத்த புகைப்படம், வேலை முடிந்ததற்கு வீட்டுக்காரரின் ஒப்புதல் ஆகியவை இருப்பவர் நிற்கிறார். இல்லாதவர், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பணத்தை இழக்கிறார். கருவி வாங்குவது எளிது. அட்டை ஏற்பதன் உண்மையான விலை இந்தத் தாள்களில் இருக்கிறது. நகரின் பெரிய உள்ளலங்கார நிறுவனங்கள் அதை எளிதில் கொடுத்துவிடுகின்றன. மூன்று மொழி பேசத் தெரிந்தும் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதத் தெரியாத மேஸ்திரி அங்கே பின்தங்குகிறார்.

6. தொகை தெரியும், காரணம் தெரியாது

2025 ஜூலை அறிவிப்புகளின் உட்பொருள் இந்த இடத்தில்தான் விளங்கும். ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம். சேவை வழங்குபவருக்கு 20 லட்சம். கட்டடத்தில் பொருளும் உழைப்பும் சேர்ந்த வேலையை ஜிஎஸ்டி சட்டம் சேவையாகவே கொள்கிறது. எனவே ஒப்பந்தக்காரருக்கு உரியது 20 லட்ச வரம்பு. ஒரு வீட்டுக்கு 1,80,000 வீதம் ஆண்டுக்கு 12 வேலை எடுத்தால் வரவு 21,60,000, வரம்பு தாண்டியாயிற்று. அதில் பெரும்பகுதி பெயின்ட் கடைக்கும் ஆள்களின் கூலிக்கும் கைமாறிப் போனது. வாடிக்கையாளர் சார்பில் செய்த செலவைக் கழிக்க ஜிஎஸ்டி விதிகளில் 33ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் அதற்கு முன்கூட்டிய அதிகாரமளிப்பும், பில்லில் தனியே காட்டிய தொகையும் வேண்டும். அச்சாரம், முன்பணம், ‘செலவுக்கு’, பாக்கி என்று நோட்டு நான்காகப் பிரித்து வைத்ததை வங்கியின் ஏடு ‘வரவு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குகிறது. உறவினர் அனுப்பிய கைமாற்றும் அதே வரிசையில் நிற்கிறது.

போராட்ட அறிவிப்பைத் தொடர்ந்து ஜூலை 23ஆம் நாள் முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்ற உறுதி கிடைத்தபின் ஜூலை 25க்கு அறிவித்த முழு அடைப்பு கைவிடப்பட்டது. நெருக்கடி தணிந்தது, அதன் காரணம் அப்படியே இருக்கிறது.

அரசின் கொள்கையும் ஒரே முகமாக இல்லை. வருமான வரிச் சட்டம் சிறு தொழிலுக்கு உத்தேச இலாபத்தை ரொக்க வரவில் 8 சதவீதமாகவும், மின்னணு வரவில் 6 சதவீதமாகவும் கொள்கிறது. அதாவது பதிவாகும் பணத்துக்குச் சலுகை தருகிறது. அதே பதிவுதான் மற்றொரு துறையின் மேசையில் அறிவிப்பாக எழுகிறது. ஒரு கை அழைக்கவும் மறு கை அதட்டவும் கண்ட சிறு தொழிலாளி ரொக்கத்துக்கு ஒதுங்கியதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதன் இழப்பும் அவருடையதே. பதிவில்லாத வருமானத்துக்கு வங்கி கடன் தராது. அடுத்த வேலைக்கான முதலுக்குக் கந்துவட்டியே கதியாகும்.

7. ஆவணக் காப்பகத்தின் கேள்வி

இவ்வரலாற்றை ரொக்கத்திலிருந்து அட்டைக்கு என்ற முன்னேற்றக் கதையாக எழுதுவது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். கணக்கு எழுதுபவர் மாறியதே பெரிய மாற்றம். மேஸ்திரியின் நோட்டு காரணத்தை அறிந்தது, அதிகாரம் அற்றது. வங்கியின் ஏடு அதிகாரம் உடையது, காரணம் அறியாதது. அட்டையை ஏற்கும் சிறு ஒப்பந்தக்காரருக்கு இன்று தேவைப்படுவது இரண்டையும் இணைக்கும் எளிய பாலம்: ஒவ்வொரு வரவும் பொருளுக்கா, கூலிக்கா, ஊதியத்துக்கா என்று தமிழிலோ கன்னடத்திலோ குறிக்கக்கூடிய, வங்கியும் வரித் துறையும் ஏற்கும் ஒரு பில். தொழில்நுட்பம் அதற்குத் தடையன்று. தொழில் செய்பவரின் வகைப்பாட்டை மதிக்கும் மனம் வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. பெரிய ஒப்பந்தக்காரர்களின் பெயர் கல்வெட்டிலும் கல்லூரி வாயிலிலும் இருக்கிறது. பங்களாக்கள் இடிந்து அடுக்ககங்கள் எழும் ரிச்சர்ட்ஸ் டவுனை ஆண்டுதோறும் பழுதுபார்த்து நிறுத்திய கைகளின் பதிவு அந்தச் சட்டைப்பை நோட்டுகளில் மட்டுமே இருக்கிறது. கூலி விகிதம், பொருள் விலை, மழைக்காலப் பழுது, வராத பாக்கி என ஒரு நகரத்தின் உழைப்பு வரலாறு முழுவதும் அவற்றில் உண்டு. அவற்றைத் திரட்டிப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியைப் பெங்களூரின் தமிழ், கன்னட ஆய்வுத் துறைகள் இணைந்து தொடங்கலாம். தமிழில் ‘நாணயம்’ என்றால் காசு, நேர்மையும் அதுவே. வங்கி அறிக்கையில் எஞ்சுவது முதற்பொருள் மட்டும். இரண்டாம் பொருளுக்கான சான்று பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.